மேட்டு லயம் ஏறும் ஜீப்

கண்டியில் அந்த வாகன விற்பனை முற்றத்தில் இரண்டு வெள்ளை ஜீப்புகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டும் ஜப்பானில் யாரோ ஆறு வருடம் ஆசையாக ஓட்டிவிட்டுக் கப்பலேற்றி அனுப்பியவை. இரண்டிலும் தோல் சீட்டு, ஏழு பேருக்கு இடம், கூரையில் வானம் பார்க்க ஒரு கண்ணாடிச் சன்னல். வித்தியாசம் எல்லாம் பொனட்டுக்குக் கீழேதான். ஒன்றில் ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின். மற்றதில் நாலு சிலிண்டர் டர்போ டீசல். கொட்டகலை ஹாட்வெயார் கடைக்காரன் கணேசமூர்த்தி இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்று வாரமாக நின்றுகொண்டிருந்தான்.

அவன் முடிவெடுக்கத் தெரியாத ஆள் இல்லை. கடைக்கு வருகிறவன் வாயைத் திறக்குமுன்னே அவனுக்கு எத்தனை அங்குல ஆணி தேவை என்று சொல்லிவிடுவான். மகள் சர்மிளா எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்க வேண்டும் என்பதை அவள் பிறந்த வாரமே தீர்மானித்தவன். அப்பேர்ப்பட்டவன் இரண்டு என்ஜின்களுக்கு நடுவில் திண்டாடினால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தானே செய்யும். முதல் தடவை போனபோது முற்றத்துக்காரர் நாற்காலி போட்டு, தேநீர் வரவழைத்து, "ஹரி ஷோக், முதலாளி" என்று இரண்டு ஜீப்பையும் சிங்களத்தில் புகழ்ந்து தள்ளினார். மூன்றாம் தடவை நாற்காலி மட்டும்தான் வந்தது.

ஜீப் வாங்குவது அப்பாவுக்காக. அது ஊருக்கே தெரியும்.

அப்பா மாயாண்டி நோர்வூட்டுக்கு மேலே மூன்று கட்டை தூரம் தள்ளி ஒரு தோட்டத்தில், மேட்டு லயம் என்ற தொழிலாளர் வரிசை வீட்டின் கடைசிக் காம்பராவில் இருந்தார். எழுபத்தாறு வயது. நாற்பது வருடம் கவ்வாத்துக் கத்தியோடு தேயிலைச் செடிகளை வெட்டிக் குட்டையாக்கியவர், இப்போது தானே குட்டையாகிப் போயிருந்தார். மனைவி போய்ப் பல வருடம். கூட இருந்தது கொழுந்து பறிக்கிற மகள் வேலாயியும் அவள் குடும்பமும். தகரக் கூரை ஒழுகியது. போன மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி, கிழவர் பிழைத்ததே பெரிய விஷயம். இன்னொரு மழைக்காலம் அந்த ஈரத்தில் கிடந்தால் தாங்கமாட்டார் என்று டொக்டர் வெட்டொன்று துண்டிரண்டாகச் சொல்லிவிட்டார். அது தொண்ணூற்றெட்டாம் வருடம், சித்திரை மாதம். வைகாசியில் மழை பிடித்துவிடும். அதற்குள் அப்பாவைக் கொட்டகலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பதுதான் கணேசமூர்த்தியின் ஒரே கவலை.

கிழவர் வந்தால்தானே! ஏழு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு சாக்கு. பஸ்ஸில் ஏறினால் வாந்தி வருகிறது. ஓட்டோ தேயிலைத் தொழிற்சாலை வரைக்கும்தான் வரும், அங்கிருந்து மேட்டு லயத்துக்குக் கல்லும் பள்ளமுமான ஏற்றம், முழங்கால் கேட்காது. கடை லொறியை அனுப்புகிறேன் என்றதற்கு, "ஏன், நான் என்னா கொழுந்து மூட்டையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கடைசியில் போன பொங்கலன்று மகன் விடாமல் நச்சரித்ததும், தப்பிக்க வேறு வழி தெரியாமல் ஒரு வார்த்தை விட்டார்.

"வாசலுக்கு ஒரு நல்ல வண்டியக் கொண்டு வா தம்பி. ஏறி ஒக்காந்துக்கிறேன். மறுபேச்சு பேசமாட்டேன்."

அந்தக் கல் ரோட்டில் நல்ல வண்டி ஏது, வரவா போகிறது என்ற தைரியத்தில் சொன்னது அது. கணேசமூர்த்தி அதைச் சாமி வாக்கு மாதிரிப் பிடித்துக்கொண்டான். அந்த ஏற்றத்தில் லொறியை விட்டால் நாலு சக்கரமும் இழுக்கிற ஜீப்தான் போகும். அதனால் ஜீப். அப்பா ஏறுகிற வண்டி, அதனால் நல்ல ஜீப்.

இரண்டாம் தடவை முற்றத்துக்குப் போனபோது மனைவி நாகலெட்சுமியையும் கூட்டிப்போயிருந்தான். பெட்ரோல் ஜீப்பில் அவளைப் பின் சீட்டில் உட்கார வைத்து, பேராதனைப் பக்கமாக ஓட்டிப் பார்த்தான். கடை தொடங்கிய காலத்தில் லொறியையே அவன்தான் ஓட்டுவான், ஆகவே பழகிய கைதான். நாகலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச தூரம் வந்தாள்.

"என்னாங்க, வண்டி ஓடுதா நிக்குதா?"

"ஓடிக்கிட்டுத்தானே இருக்கு."

"சாமி சத்தியமாவா?" என்று கண்ணைத் திறந்து வெளியே பார்த்துச் சிரித்தாள். "அப்ப இதையே எடுங்க. மாமாவுக்கு டீசல் வாடையே ஆகாது. போன தீவாளிக்கு நம்ம லொறி பக்கத்துல நின்னதுக்கே கொமட்டிக்கிட்டு வந்துருச்சு பாவம். இதுல தூங்கிக்கிட்டே வந்துருவாங்க."

அவள் சொன்னதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. டீசலையும் ஓட்டிப் பார்த்தார்கள். நிற்கும்போதே ஸ்டியரிங் உள்ளங்கையில் நடுங்கியது. ஏற்றத்தில் அது போட்ட சத்தத்தில் நாகலெட்சுமி பேசியது அவன் காதில் விழவில்லை. பெட்ரோலையே எடுப்பது என்று இருவரும் பேசி முடித்துக்கொண்டுதான் அன்றைக்குக் கொட்டகலைக்குத் திரும்பினார்கள்.

முடித்ததை முடித்தபடி விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஹட்டனில் கராஜ் வைத்திருந்த கஜேந்திரனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அடுத்த நாள் போனான். மெக்கானிக்கைக் கேட்காமல் பாவித்த வண்டி வாங்குவது, சாதகம் பார்க்காமல் பெண் எடுக்கிற மாதிரி என்று அவனுக்கு ஒரு நினைப்பு.

கஜேந்திரன் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துக்கொண்டே நியாயமாகத்தான் சொன்னான். "பெட்ரோல் ஆறு சிலிண்டர் நல்லாக் குடிக்கும், மொதலாளி. நுவரெலியாவுக்கு ரெண்டு தடவ ஏறி எறங்கினா டேங்கில ஓட்ட விழுந்துருச்சான்னு குனிஞ்சு பாப்பீங்க. டீசல்னா அந்தக் கவலை இல்ல. கீழ் கியர்ல நல்லா இழுக்கும், எறக்கத்துல என்ஜினே புடிச்சுக்கும். காலையில குளிருக்கு ஹீட்டர் லைட்டு அணையுற வரைக்கும் காத்திருந்து ஸ்டார்ட் பண்ணணும், அவ்வளவுதான். சத்தம்தான் கூட."

"அப்ப டீசலா?"

"அப்பாவுக்காகத்தானே வாங்குறீங்க? வயசானவங்களுக்குன்னா பெட்ரோலுதான். நான் வேற மாதிரி சொல்லமாட்டேன்." பிறகு போகிற போக்கில், வேறெதுவும் நினைக்காமல் சொன்னான். "ஒங்க தோட்டத்துத் தொரைக்குக் கம்பெனி குடுத்திருக்கிறதும் இதே டீசல் என்ஜின்தான். போன மாசம் நாந்தான் ஒயில் மாத்தினேன்."

கணேசமூர்த்தி கஜேந்திரனின் பெஞ்சிலிருந்து எழுந்து, ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவனுக்கு ஒன்பது வயதிருக்கும்போது நடந்தது. முதன்முதலாகச் சப்பாத்து வாங்கிக் கொடுத்து, நோர்வூட் கடைத்தெருவிலிருந்து அப்பா அவனை நடத்திக் கூட்டி வந்துகொண்டிருந்தார். கறுப்புச் சப்பாத்து. கழற்றிக் கையில் பிடித்துக்கொள்ளச் சொன்னதற்கு மாட்டேன் என்று போட்டுக்கொண்டே நடந்தான். இரண்டு முடக்கு வளைவுக்கு அப்பால் தோட்டத்துத் துரையின் ஜீப் சத்தம் கேட்டது. அவ்வளவுதான், அப்பா அவனை அலாக்காகத் தூக்கி ரோட்டோர வாய்க்காலான கானில் இறக்கிவிட்டுத் தானும் இறங்கினார். தலைத்துண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து நின்றார். கானில் முழங்கால் வரைக்கும் தண்ணீர். ஜீப் வந்து சேர அவ்வளவு நேரம் பிடித்தது. சத்தம் முதலில் மலையெல்லாம் சுற்றி வந்தது, பிறகுதான் வண்டி வந்தது. துரை அவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போன பிறகும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அது முழுக்க ஓயும் வரைக்கும் அப்பா கானை விட்டு ஏறவில்லை.

துரைகள் மாறினார்கள். வெள்ளைக்காரர் போய் நம்மூர்க்காரர் வந்தார், தோட்டம் அரசாங்கத்திடமிருந்து கம்பெனிக்குப் போனது. ஆளைப் பார்த்துக் கானில் இறங்குகிற வழக்கமும் இளசுகளிடம் இல்லாமல் போய்விட்டது. மாயாண்டியின் வயதுக்காரர்களிடம் மட்டும் போகவில்லை. அவர்களுக்கு ஆளைப் பார்க்கவே தேவையில்லை. ஜீப் சத்தம் காதில் விழுந்தால் கால் தானாக ஒதுங்கும், கை தானாகத் தலைத்துண்டுக்குப் போகும். இப்போதும் அப்படித்தான் என்று வேலாயி சொல்லிக் கணேசமூர்த்தி கேட்டிருக்கிறான். கேட்கும்போதெல்லாம் வயிறு எரிந்திருக்கிறது.

அந்தச் சத்தம் அவனுக்கு வேண்டும்போல் இருந்தது. உண்மை இதுதான். அதே சத்தத்தோடு அதே ரோட்டில் ஏற வேண்டும். உள்ளே தான் இருக்க வேண்டும், பக்கத்தில் அப்பா இருக்க வேண்டும். தோட்டம் முழுக்கக் கேட்க வேண்டும். சத்தமே இல்லாத வண்டியில் போய் அப்பாவைக் கூட்டி வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? நாற்பத்துநாலு வயதில், நரை விழுந்த தலையோடு, ஒரு மனுசனுக்கு இப்படியும் ஆசை வருமா என்று கேட்டால், வந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கட்டினவளிடமும் சொல்லவில்லை.

"டீசலே எடுத்துருவோம்" என்றான் அன்று சாப்பிடும்போது. "பெட்ரோல் வெலைக்குக் கட்டுப்படியாகாது. இழுவையும் டீசல்லதான் நல்லாருக்காம், கஜேந்திரன் சொன்னான்."

கஜேந்திரன் சொன்னதில் பாதியை விழுங்கிவிட்டான். நாகலெட்சுமி அவன் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தாள்.

"மாமாவுக்கு ஒத்துக்குமா?"

"ஏசி இருக்கு. கண்ணாடிய ஏத்திட்டா வாடை வராது."

"சரிங்க. நான் ரெண்டு எலுமிச்சம்பழம் எடுத்து வச்சுக்கிறேன். மோந்து பாத்துக்கிட்டே வரட்டும்" என்றாள். அவள் அவ்வளவு சுலபமாக நம்பியது அவனுக்கு உறுத்தியது. ஆனாலும் மறுநாளே கண்டிக்குப் போய் டீசல் ஜீப்பை எடுத்து வந்துவிட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவதாக வேலாயிக்குச் சொல்லி அனுப்பினான். என்ன வண்டி என்று மட்டும் சொல்லவில்லை. அப்பா கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று நினைத்தான்.

ஞாயிறு விடிந்தபோது மலையெல்லாம் பனிமூட்டம். சர்மிளாவை வீட்டில் அடுப்பு மூட்டி வெந்நீர் வைக்கச் சொல்லிவிட்டுக் கணவனும் மனைவியும் கிளம்பினார்கள். தாத்தா வந்ததும் குளிக்க வேண்டும் அல்லவா? அவருக்கென்று ஒதுக்கிய அறையில் புதுக் கட்டில், புது மெத்தை, கதவுக்குப் பின்னால் ஊன்றுகோல் மாட்ட ஒரு ஆணி. அந்த ஆணியைக் கணேசமூர்த்தியே தன் கையால் அடித்திருந்தான்.

நோர்வூட் தாண்டித் தோட்டத்து ரோட்டில் திரும்பியதும் நாலு சக்கர இழுவையைப் போட்டு, கியரைக் குறைத்தான். என்ஜின் உறுமியது. மலை அந்தச் சத்தத்தை வாங்கி எதிர்ப்பக்கத்து மலையில் அடித்தது. அவன் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டான்.

"ஏங்க, பனி உள்ள வருது. கண்ணாடிய ஏத்துங்க" என்றாள் பின் சீட்டிலிருந்து நாகலெட்சுமி. முன் சீட்டு மாமாவுக்கென்று அவள் பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இருக்கட்டும்" என்றான்.

கீழே பணிய லயத்தடியில் பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி குடத்தை அப்படியே விட்டுவிட்டு ஓரமாக ஒதுங்கினாள். இன்னும் கொஞ்சம் மேலே ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு கானில் இறங்கினார். கணேசமூர்த்தி இரண்டையும் பார்த்தான். நிறுத்தி, அட நாந்தான், மாயாண்டி மகன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் மிதித்தான்.

மேட்டு லயத்துக்கு முந்தின முடக்கில் மூட்டம் கட்டியாக இருந்தது. லைட்டைப் போட்டான். முடக்கைத் திருப்பியதும், பள்ளத்துப் பக்கமாக ரோட்டு விளிம்பில் வெள்ளை வேட்டியோடு ஒரு கிழவன் ஒதுங்கி நிற்பது மங்கலாகத் தெரிந்தது. கிழவன் தலைத்துண்டை உருவினான். கக்கத்தில் வைத்தான். குனிந்தான். அதைப் பார்த்ததும் கணேசமூர்த்தியின் நெஞ்சில் ஓர் இனிப்பு இறங்கியது. முப்பத்தைந்து வருடம் காத்திருந்து கிடைத்த இனிப்பு. அந்த ஒரு கணத்தை அவன் பிறகு எத்தனையோ தடவை நினைத்து நினைத்துத் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொண்டிருக்கிறான். ஏனென்றால் அடுத்த கணம் அங்கே கிழவன் இல்லை. முந்தின இரவு பெய்த மழையில் ஊறிய விளிம்பு மண்ணோடு சரிந்துவிட்டிருந்தது.

"ஐயோ, மாமா!" என்று நாகலெட்சுமிதான் அலறினாள். அவளுக்கு ஆளை அடையாளம் தெரிந்திருந்தது.

என்ன நடந்தது என்பதை வேலாயி பிற்பாடு அழுதுகொண்டே சொன்னாள். கிழவர் ஆறு மணிக்கே குளித்து, சலவை வேட்டி கட்டித் தயாராகிவிட்டாராம். எட்டு மணிக்கு மேல் இருப்புக்கொள்ளவில்லையாம். "புது வண்டி புள்ள. இந்தக் கல்லுல ஏறுனா அடியில அடிபடும். தம்பி பாடுபட்டு வாங்கினது. நான் முடக்கு வரைக்கும் எறங்கி நின்னுக்கிறேன்" என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாராம். மகனுடைய வண்டிக்காகத்தான் நின்றார். துரையின் சத்தம் வந்தது, ஒதுங்கினார். மலைப்பக்கத்துக் கான் அந்த இடத்தில் அகலம், கெட்ட முழங்காலோடு தாண்ட முடியாது. அதனால் பள்ளத்துப் பக்கம் ஒதுங்கினார்.

கணேசமூர்த்தி தேயிலைச் செடிகளைப் பிடித்துப் பிடித்துச் சரிவில் இறங்கினான். அப்பா கீழே கல் அடுக்கில் கிடந்தார். கண் திறந்திருந்தது, ஆனால் அது அவனைப் பார்க்கவில்லை. தலையில் ரத்தம். ஒரு கால் இருக்கக்கூடாத மாதிரி மடங்கியிருந்தது. "அப்பா, அப்பா" என்று கதறிக்கொண்டே இரண்டு கையிலும் ஏந்தினான். ஒரு சிமெந்து மூட்டைப் பாரம்கூட இல்லை அவர். சேறும் ரத்தமுமாக மேலே தூக்கி வந்து, முன் சீட்டில் சாய்த்து உட்கார வைத்தான். நாகலெட்சுமி பின்னாலிருந்து அவர் தோளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தோல் சீட்டில் மாயாண்டி முதன்முதலாக உட்கார்ந்தது அப்படித்தான். ஆஸ்பத்திரி வரைக்கும் அவர் வாயே திறக்கவில்லை.

இடுப்பெலும்பு முறிந்திருந்தது. தலைக்குள்ளேயும் அடி. இந்த வயதில், இந்த நெஞ்சை வைத்துக்கொண்டு கத்தி வைக்க முடியாது என்று டொக்டர்மார் கைவிரித்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. இரண்டு நாள் கிழவர் கண் திறக்கவில்லை. கணேசமூர்த்தி கடையைப் பூட்டிப்போட்டுவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் ஜீப்பை நிறுத்திக்கொண்டு அதற்குள்ளேயே கிடந்தான். அறிந்தவர்கள் வந்து ஆறுதல் சொன்னார்கள். ஒருவன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, நம்ம ரோட்டுக்கு டீசல் எடுத்தது நல்ல வேலை என்றும் சொல்லிவிட்டுப் போனான். அவன் கன்னத்தில் ஒன்று விட்டால் என்ன என்று கணேசமூர்த்திக்கு இருந்தது. எழுந்திருக்கத் தெம்பில்லை.

புதன்கிழமை மத்தியானம் பார்வையாளரை உள்ளே விட்டபோது, கிழவர் கண் விழித்துப் பேசிக்கொண்டிருக்கிறார் என்று நர்ஸ் சொன்னாள். கணேசமூர்த்தி ஓட்டமும் நடையுமாகப் போனான், பின்னால் நாகலெட்சுமி. வார்டு வாசலிலேயே அப்பாவின் குரல் கேட்டது. ஈனமான குரல்தான், ஆனாலும் அதில் ஒரு பெருமை இருந்தது. பக்கத்துக் கட்டில்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"... தொரையே எறங்கி வந்தாருங்க. அந்தச் சரிவுல. சேறும் சகதியுமாக் கெடக்கேன், அதெல்லாம் பாக்கல. ரெண்டு கையாலயும் தூக்கினாரு. முன் சீட்டுல ஒக்கார வச்சாரு. முன் சீட்டுலங்க! எனக்காகத் தொரை அழுதாரு. 'அப்பா, அப்பா'ன்னு கூப்புட்டாருங்க என்னைய. எந்தத் தோட்டத்துல எந்தத் தொரை கூப்புட்டிருக்காரு?"

கணேசமூர்த்தி அப்படியே நின்றுவிட்டான். நாகலெட்சுமி அவன் கையைப் பிடித்தாள்.

மாயாண்டி அவனைக் கண்டுவிட்டார். "வா தம்பி. எப்ப வந்த?"

"இப்பத்தாம்பா." கட்டிலோரமாகப் போய் நின்றான். சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. தூக்கினது நாந்தாம்பா, அழுதது நாந்தான், அது நம்ம வண்டிப்பா. சொன்னால் மிச்சத்தையும் அவர் தெரிந்துகொள்வார். எந்தச் சத்தத்துக்கு ஒதுங்கினாரோ அந்தச் சத்தமும் மகனுடையது என்று தெரிந்துகொள்வார்.

"எதுல வந்த?"

"பஸ்ஸுலப்பா" என்றான்.

கிழவர் முகம் லேசாக வாடியது. "ஞாயித்துக்கெழம வண்டி கொண்டாறேன்னு சொல்லி அனுப்புனியே. நான் முடக்குல வந்து நின்னேன். நீ வரலியே."

"வர முடியலப்பா." "வண்டி இன்னும் வாங்கல. பெட்ரோலா டீசலான்னு ஒரு முடிவுக்கு வரமுடியல."

நாகலெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

"அதுக்கென்னா இப்ப. மெதுவா வாங்கு" என்றார் மாயாண்டி. மகன் வருத்தப்படக்கூடாதே என்று சமாதானமாகச் சொன்னார். "வாங்கினா தொரை வண்டி மாதிரிப் பாத்து வாங்கு. வெளியிலதான் சத்தம். உள்ள ஒக்காந்தா ஒண்ணும் தெரியல. கொமட்டவே இல்ல, தெரியுமா?"

"சரிப்பா."

"ஒரு வேல செய்யி. போற வழியில பங்களாவுக்குப் போயி தொரையப் பாரு. அப்பா கும்புட்டதாச் சொல்லு."

"சொல்றேன்."

"சும்மா வாயால சொல்லாத. இப்பிடி" என்று, ஊசி குத்திக் கட்டுப் போட்டிருந்த கையை மற்றக் கையோடு மெல்லச் சேர்த்தார். இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே தூக்கி, தலையணையில் கிடந்தபடியே தலையை முடிந்த மட்டும் குனிந்தார். மகனைப் பார்த்து, நன்றியோடு, கும்பிட்டார். அவன் சரியாகப் பார்த்துக்கொண்டானா என்று நிச்சயமாகும் வரைக்கும் கையை இறக்கவில்லை. அதை வாங்கிக்கொள்ளாமல் இருக்கக் கணேசமூர்த்திக்கு ஒரு வழியும் தெரியவில்லை.